முப்பத்திரண்டு பேரோடு கடல் கடந்து ஒரு கல்யாணம்

தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளையில் பெண் வீடு, கேரளப் பக்கம் பாறசாலையில் மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை, கிடைப்பது 22 நாள் லீவு, இரண்டு பக்கமும் சேர்த்து 32 பேர், தை அல்லது மாசியில் முகூர்த்தம், பாலியா இலங்கையா, சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். எந்த நாடு என்பது உண்மையான கேள்வி இல்லை என்று தோன்றுகிறது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "அக்கா கல்யாணத்தில் அப்பா மூன்று நாள் உட்காரவே இல்லை, என் கல்யாணத்தில் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று, அதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நாடு, சட்டம், சாப்பாடு எல்லாம் வழியில் வரும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். மார்த்தாண்டத்தில் 2006 முதல் டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். நம் பக்கத்தில் டிக்கெட் கடை என்றால் வளைகுடாவுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும்தான். அப்படி டிக்கெட் போட வந்த பையன்கள் சிலர் "அண்ணா, கல்யாணத்தை வெளியே வைக்கலாமா" என்று கேட்க ஆரம்பித்து, பத்து வருடத்தில் பதினான்கு கல்யாணம் கூடவே போய் நடத்திக் கொடுத்திருக்கிறேன். ஏழு இலங்கையில், நான்கு தாய்லாந்தில், இரண்டு பாலியில், ஒன்று பினாங்கில். ஐரோப்பா, துபாய் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், செய்ததில்லை. வக்கீலும் இல்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று நின்று கற்றுக்கொண்ட சட்டம்தான் என்னுடையது. அதில் உறுதியானது எது, ஆபீஸுக்கு ஆபீஸ் மாறுவது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

சட்டத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத் தப்பாகச் செய்தவர்கள்தான் அதிகம் அலைந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் ஓட்டல் தோட்டத்தில் தாலி கட்டினால் அந்த நாட்டுச் சட்டப்படி அது கல்யாணம் ஆகிவிடாது, அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். அந்த நாட்டில் முறைப்படி பதிவு செய்யலாம், ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழி. இந்தோனேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மத முறைப்படி நடந்தால்தான் திருமணம். தாய்லாந்தில் நம் தூதரகத்தில் கடிதம் வாங்கி, தாய் மொழியில் மொழிபெயர்த்து, அவர்கள் வெளியுறவுத் துறையில் முத்திரை வாங்கி, அப்புறம் வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும். நம் தூதரகத்திலேயே 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது அந்த இடத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். மூன்று நாள் போகிறவர்களுக்கு அது ஆகாது.

சரி, அங்கே தாலி கட்டிவிட்டு ஊருக்கு வந்து பதியலாம் என்று நினைத்தால், தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் நடந்த திருமணங்களுக்கானது. தனித் திருமணச் சட்டத்தின் (Special Marriage Act) 15ஆவது பிரிவில் பதியலாம், ஆனால் அதற்கு நீங்கள் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு 22 நாள்தான் லீவு. அந்தக் கதவும் சாத்தியாயிற்று. அதே சட்டத்தில் முதலிலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது, அதற்கு ஒருவருடைய 30 நாள் வசிப்பு போதும், உங்களுடையதே போதும். ஆனால் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் முடிக்கவும் வேண்டும். ஒரே லீவில் இரண்டும் அடங்காது.

உங்களுக்கு இருக்கிற நல்ல வழி இது. இருவரும் இந்துக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது, அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணங்களுக்காகக் கொண்டுவந்தது. அதன்படி உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது மோதிரம் போடுவது, தாலி கட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மூன்றும் வேண்டியதில்லை. ஆகவே உங்கள் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டு அதைப் பதிவு செய்துவிட்டு, தாலியை முகூர்த்தத்தில் கடல் கடந்து கட்டிக்கொள்ளலாம். பெரியவர்களுக்குத் தாலி கட்டுவதுதான் கல்யாணம், அவர்கள் கணக்கில் ஒரே தாலி, ஒரே கல்யாணம். சட்டத்துக்கு மாலையே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்தப் பிரிவு கேரளாவுக்குப் பொருந்தாது. மாலை மாற்றுவது களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நடக்க வேண்டும், பாறசாலையில் மாப்பிள்ளை வீட்டில் வைத்தால் செல்லாது. நாலைந்து கிலோமீட்டரில் சட்டம் மாறுகிற ஊரில் பிறந்தவர்கள் நாம், டீசல் விலைக்கும் லாட்டரிக்கும் பழகிய விஷயம்தானே.

இதுவரை சொன்னது உறுதியானது. ஆபீஸுக்கு ஆபீஸ் மாறுவது, என்னென்ன ஆதாரம் கேட்பார்கள் என்பது. மாலை மாற்றும் படம், சாட்சிகளின் அடையாள அட்டை, ஒரு அழைப்பிதழ் என்று கேட்பது வழக்கம். அழைப்பிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. ஆகவே அந்த நாளையும் உங்கள் வீட்டு விலாசத்தையும் போட்டு ஐம்பது அட்டை அடித்துவிடுங்கள், அச்சகத்தில் அது பெரிய செலவில்லை. மாப்பிள்ளை வருவதற்கு முன்னாலேயே அப்பாவோ நீங்களோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அங்கே இருக்கும் பட்டியலை எழுதி வாங்கி வாருங்கள். பதிவு செய்ய 90 நாள் அவகாசம் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஷார்ஜாவில் உங்களுக்கு விசா எடுக்க அந்தச் சான்றிதழ்தான் தேவை. அதற்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, அங்கே போன பிறகு அவர்கள் அமைச்சகத்திலும் ஒன்று வாங்க வேண்டும். கையில் இந்தியச் சான்றிதழ் இருந்தால் இந்த வரிசை நம் ஊர் ஏஜெண்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். இலங்கைச் சான்றிதழோ தாய்லாந்துச் சான்றிதழோ இருந்தால் அந்த நாட்டில் இன்னொரு வரிசை முன்னால் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, சான்றிதழில் இருக்கும் தேதியும் முகூர்த்தத் தேதியும் வேறு வேறாக இருக்கும். விசா படிவம் எதிலும் சான்றிதழ் தேதியைத்தான் எழுத வேண்டும். கல்யாண நாளை எந்தத் தேதியில் கொண்டாடுவது என்பது உங்கள் பாடு, என் பழைய கஸ்டமர் ஒருவர் இரண்டு நாளும் புடவை வாங்கிக் கொடுக்கிறார்.

ஒன்று சொல்ல மறந்தேன். நம் ஊரில் "ரெஜிஸ்டர் கல்யாணம்" என்றால் ஓடிப்போனவர்கள் என்றுதான் பக்கத்து வீட்டில் பேசுவார்கள். அதனால் சில அப்பாக்கள் இந்த இடத்தில் முரண்டு பிடிப்பார்கள். "பதிவு மட்டும் முன்னாடியே, கல்யாணம் முகூர்த்தத்தில்" என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் இதில் பிடிவாதமாக நின்றது அப்பா இல்லை, தாய்மாமா.

இனி நாடு. 32 பேரில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பாட்டிக்கு 78 என்கிறீர்கள், முகூர்த்தம் தை அல்லது மாசி. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பாலியை நான் தள்ளிவிடுவேன். பாலி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே மழைக்காலம், தை மாசியில் நட்ட நடு மழை. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் கிடையாது, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாற வேண்டும், பாட்டி ஒரு ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே போய் இறங்கினால் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் விசாவுக்கு, பயப்படாதீர்கள், இந்தோனேசிய ரூபாய். அது போக ஒன்றரை லட்சம் அதே ரூபாயில் பாலிக்கான வரி.

இலங்கையில் மேற்கு, தெற்குக் கரை, அதாவது நீர்கொழும்பு, பென்தோட்ட, காலி, தை மாசியில் நல்ல வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும். திருவனந்தபுரத்தில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்க, அதுதான் கொழும்பு விமான நிலையம். உங்கள் வீட்டிலிருந்து நாகர்கோவில் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போகும் நேரம்தான். நேர வித்தியாசமும் இல்லை, நம் மணியேதான். முதல் தடவை வெளிநாடு போகிற பெரியவர்கள் இருந்தால் நீர்கொழும்பு, விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். கொஞ்சம் அமைதி வேண்டும் என்றால் பென்தோட்ட, தெற்கு அதிவேகச் சாலையில் போய்விடலாம். முகூர்த்தம் ஆவணிக்குத் தள்ளிப்போனால் கதை தலைகீழ், மேற்குக் கரையில் மழை, கிழக்கே திருகோணமலை நிலாவெளிதான் நன்றாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் சிங்க மாசத்தில், அதாவது நம் ஆவணியில், வைக்கலாம் என்று கேட்கக்கூடும், கேரளாவில் அதுதானே கல்யாண மாசம். ஆனால் திருகோணமலைக்கு விமான நிலையத்திலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், பாட்டியை மறக்க வேண்டாம்.

இலங்கையைச் சொல்ல இன்னொரு காரணம், என் மனசுக்கு இதுதான் பெரிய காரணம். ஐயரும் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் அங்கேயே தமிழில் கிடைப்பார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவில் வாசித்த மண். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விசாரித்தால் மணவறை அலங்காரத்திலிருந்து எல்லாம் அமையும். அவர்கள் கூறைச் சேலை என்பார்கள், தாலிக்கொடி என்பார்கள், சடங்கில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். உங்கள் வீட்டு முறையை ஒரு பக்கத்தில் எழுதி முன்னாலேயே ஐயருக்கு அனுப்பிவிட்டால் போதும். பாறசாலைப் பக்கம் கல்யாணச் சடங்கு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், நம் பக்கம் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். வெளிநாட்டுக் கல்யாணத்தில் தயவுசெய்து மாப்பிள்ளை வீட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலவிளக்கு, நிறைநாழி, தாரை வார்த்தல், தாலி, புடவை கொடுத்தல், முடிந்தது. இலங்கை ஒத்துவரவில்லை என்றால் என் அடுத்த விருப்பம் பினாங்கு. திருவனந்தபுரம் – கோலாலம்பூர் நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து ஒரு சின்னப் பறப்பு, தமிழ் ஐயர், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு.

தேதி குறிக்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இலங்கையில் பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, அன்று மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள், கச்சேரி ஆட்டம் பாட்டமும் கிடையாது. நம் ஜோசியர் தைப்பூசத்தை ஒட்டி நாள் குறித்தால் அது போயாவிலேயே போய் விழலாம். முகூர்த்தத்துக்கு அதனால் தொந்தரவில்லை, ராத்திரி மாப்பிள்ளையின் ஷார்ஜா நண்பர்கள்தான் முகத்தைத் தொங்கப் போடுவார்கள். இரண்டாவது, மாசி தள்ளிப் பங்குனி ஆனால் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு நாளைப் பாருங்கள். ஐப்பசியிலும் பங்குனியிலும் ஆராட்டு ஊர்வலம் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும், அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது. யானை ஓடுபாதையில் நடப்பதைச் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன், ஒரு தடவை பதினெட்டுப் பேரோடு உள்ளே மாட்டிக்கொண்டு பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. மூன்றாவது, இலங்கை தவிர வேறு நாடு என்றால் முகூர்த்த நேரத்தை அந்த ஊருக்கே கணித்துத் தரச் சொல்லுங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரமும் பாலி இரண்டரை மணி நேரமும் முன்னால். நம் ஊர் நேரத்தோடு வெறுமனே ஒன்றரையைக் கூட்டிக்கொள்வது சரியில்லை, சூரிய உதயமும் லக்னமும் ஊருக்கு ஊர் மாறும், ராகு காலமும் அதோடு மாறும். நல்ல ஜோசியர் ஊர்ப் பெயரைக் கேட்டுத்தான் கணிப்பார்.

சாமான் விஷயத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். புக்கெட்டில் நான் நடத்திய முதல் கல்யாணம். பெண்ணின் அம்மா தாலியைப் பட்டுப் புடவைக்குள் சுருட்டி, பத்திரம் என்று நினைத்துப் பெரிய பெட்டியில் வைத்துச் செக்கின் போட்டுவிட்டார். பெட்டி நடுவில் விமானம் மாறும்போது தங்கிவிட்டது. காலை 7.40க்கு முகூர்த்தம், ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா ஓட்டல் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அத்தைதான், குலசேகரம் பக்கத்துக்காரர், எழுந்து போய் ஓட்டல் சமையலறையில் கையைக் காட்டிக் காட்டி மஞ்சள் கேட்டார். அவர்களும் மண்ணோடு ஒரு பச்சை மஞ்சள் கிழங்கைக் கொண்டுவந்தார்கள். அறையில் பித்தான் தைக்க ஓட்டல்காரர்கள் ஒரு அட்டையில் வெள்ளை நூலும் ஊசியும் வைத்திருப்பார்களே, ஏழெட்டு அறையிலிருந்து அதையெல்லாம் வாங்கி முறுக்கித் திரித்து, மஞ்சள் அரைத்துப் பூசி, விளக்கடியில் காய வைத்தார். காலையில் அந்தக் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி அதைத்தான் கட்டினார்கள். கல்யாணம் கல்யாணமாகவே நடந்தது. பெட்டி மறுநாள் சாயங்காலம் வந்தது, பொன்தாலியை அப்புறம் கோர்த்துக்கொண்டார்கள். அந்த அத்தையின் விரல்கள் மூன்று நாள் மஞ்சளாகவே இருந்தன. அன்றிலிருந்து நான் போகும் கல்யாணங்களில் தாலி, மாப்பிள்ளை வேட்டி, பெண்ணின் முகூர்த்தப் புடவை மூன்றும் கைப்பையில், அதுவும் இரண்டு வேறு ஆள் கையில்.

எடுத்துப் போக முடியாதவற்றையும் சொல்கிறேன். கற்பூரம் எரியும் பொருள், விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான், அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும் பொருள் என்று பட்டியலில் இருக்கிறது. தீப்பெட்டிக் கட்டு வேண்டாம். தோவாளைப் பூ, நெல், தென்னம்பூக்குலை, மாவிலை, மட்டிப்பழம், இதெல்லாம் மனசு கேட்காமல் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, ஆனால் செடி, பூ, விதை எல்லாவற்றுக்கும் எந்த நாட்டிலும் தாவரப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பூவும் தென்னம்பூக்குலையும் வாழையிலையும் இலங்கையிலேயே இருக்கிறது. ஓமம் வளர்ப்பது உண்டென்றால் ஓட்டலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், திறந்த வெளியில் மட்டும்தான் விடுவார்கள். உள்ளே வளர்த்து புகை மணி அடித்து ஓட்டல் மொத்தமும் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நகை. என் ஒரே யோசனை, குறைவாகப் போடுங்கள். நம் பக்கத்தில் 50 பவுன், 80 பவுன் என்று போட்டுக் காட்டுவது மண்டபத்தில் 800 பேருக்கு. கூட வருகிற 32 பேருக்கும் உங்கள் நகை தெரியும். எடுத்துப் போயே ஆக வேண்டும் என்றால் புறப்படும்போதே சுங்கத்துறையிடம் காட்டி, மதிப்பீட்டுச் சான்றும் படமும் கொடுத்து, ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இது நம் நகைதான், வெளியே வாங்கியதில்லை என்று நிரூபிக்க அதுதான் காகிதம். விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போனால்தான் இது நடக்கும்.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை எண்ணைச் சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன். 32 பேர், இரண்டு பேருக்கு ஒரு அறை, 16 அறை, மூன்று ராத்திரி, 48 அறை ராத்திரி. செலவில் பெரும் பங்கு இதுதான், விமான டிக்கெட் அடுத்தது. ஓட்டல்காரர் தரும் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். இலங்கையில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் போட்டு அதன் மேல் 18 சதவீதம் வாட், 100 என்பது ஏறக்குறைய 130 ஆகிவிடும். பாலியில் 121, தாய்லாந்தில் 117.70. இதைப் பார்க்காமல் இரண்டு நாட்டு விலையை ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகும். அப்புறம், எத்தனை அறையை எந்தத் தேதிக்குள் காசில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள், கடைசி வாரத்தில் நாலு பேராவது வரமாட்டார்கள், எப்போதும் அப்படித்தான். விமானத்தில் பத்துப் பேருக்கு மேல் போனால் குழு டிக்கெட், விலை எப்போதும் குறைவு என்று சொல்ல முடியாது, ஆனால் பெயரைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கலாம், அதுவே பெரிய நிம்மதி. டிக்கெட்டும் ஓட்டலும் சேர்த்துப் பேக்கேஜாக ஏஜெண்டிடம் வாங்கினால் உங்கள் பான் எண்ணில் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், அது வரிக்கணக்கில் திரும்பக் கிடைப்பது, கூடுதல் செலவில்லை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யாத அப்பாவின் பெயரில் பணம் கட்டினால் அது அங்கேயே நின்றுவிடும், தாக்கல் செய்கிறவர் பெயரில் கட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து சமையல்காரரைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்து சமைத்தால் அது வேலை, மாட்டினால் அவர் பாஸ்போர்ட்டுக்குத்தான் அடி. கேமராக்காரருக்கும் இதேதான், அங்கேயே ஒருவரைப் பிடியுங்கள். அடையும் பப்படமும் இங்கிருந்து கொண்டு போங்கள், அவியலும் எரிசேரியும் எப்படி என்று அளவோடு எழுதிக் கொடுத்து, முந்தின நாள் மத்தியானம் ஒரு பாத்திரம் வைத்துக் காட்டச் சொல்லி அம்மாவை ருசி பார்க்க வையுங்கள். தேங்காயில் அவர்களும் நம் ஆட்கள்தான். காலையில் ஆப்பம், இடியாப்பம், தேங்காய்ச் சம்பல், பாற்சோறு வரும், யாரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தாத்தா மட்டும் மூன்றாம் நாள் "எல்லாம் இருக்குது, கஞ்சி எங்கடே" என்று கேட்டார். சிவப்பரிசியில் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், பயறுதான் இல்லை.

இப்போது அப்பா உட்காருவது பற்றி. அக்கா கல்யாணத்தில் அவர் ஏன் உட்காரவில்லை? வருகிறவரை வாசலில் வரவேற்க, பந்தியில் நிற்க, வேன்காரருக்குக் காசு கொடுக்க, மொய்ச் சுருள் கொண்டுவந்தவரைக் கவனிக்க. 32 பேரோடு போனாலும் அப்பா அதே அப்பாதான், அங்கேயும் பஸ் வந்ததா, யார் சாப்பிடவில்லை என்று ஓடுவார். கூட்டம் குறைவதால் மட்டும் அது நிற்காது. இடமாற்றம் குறைந்தால்தான் நிற்கும். ஆகவே ஒரே ஓட்டல், ஒரே மேடை, முகூர்த்தமும் சாப்பாடும் அறையும் நடந்து போகும் தூரத்தில். ஒரு நாள் கண்டி, ஒரு நாள் காலி, ஒரு நாள் யானை என்று போடாதீர்கள், சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் கல்யாணம் முடிந்து தங்கிக்கொள்ளட்டும். பணம், வண்டி, ஓட்டல் பேச்சு மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுங்கள், அந்த ஆள் உங்கள் குடும்பத்தவராக இருக்கக் கூடாது, மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சரியாக வருவார். அப்பாவின் போனில் ரோமிங் போட வேண்டாம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெரியவர்களுக்குத் தரைத்தளத்து அறை கேளுங்கள். மேடையைக் கடற்கரை மணலில் போடாமல் புல்தரையில் போடச் சொல்லுங்கள், படத்தில் கடல் எப்படியும் வரும். மணலில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் புதைந்து ஒரு பெரியம்மா பக்கவாட்டில் சரிந்ததைப் பிடித்தவன் நான். சக்கர நாற்காலி விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொன்னால் காசில்லாமல் வரும். எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது பிரஷர், சுகர் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள், மாத்திரைச் சீட்டைக் கைப்பையில் வையுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, வெறும் "தங்கம்மாள்" என்று மட்டும் இருக்கும், டிக்கெட்டில் அதை எப்படி நிரப்புவது என்று அந்தந்த விமான நிறுவனம் ஒரு முறை வைத்திருக்கிறது, கேட்டுப் போடுங்கள், வீட்டுப் பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். நீங்களும் திரும்பி வரும்வரை கணவர் பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டாம். நுழைவு அனுமதியும் ஆன்லைன் படிவங்களும் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் ஒரு தடவை, புறப்படும் வாரத்தில் ஒரு தடவை அரசு இணையதளத்திலேயே பாருங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை வைத்துப் போகாதீர்கள்.

அழைக்காமல் விட்டவர்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ ஒரு மத்தியானச் சாப்பாடு மட்டும் போடுங்கள், மேடை, நாற்காலி வரிசை ஒன்றும் வேண்டாம், வாழையிலை, அடைப் பிரதமன், பால்பாயசம் போளி. தாய்மாமாவை மட்டும் 32க்குள் சேர்த்துவிடுங்கள், அவர் இல்லாமல் போன ஒரு கல்யாணத்தின் சண்டை எட்டு வருடமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பாட்டிக்கு 78 என்று எழுதினீர்கள், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தாலும் பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டே இல்லையென்றால் போலீஸ் விசாரணை முடிந்து வர நாளாகும். இன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.